அட்லாஸுக்குள் ஜாதகம்

நவராத்திரி ஒன்பது நாளும் கோமளத்துக்கு உட்கார நேரம் கிடையாது. இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் எந்த வீட்டுக்காரியைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். பால்காரி வருவதற்குள் வாசல் கோலம், பத்து மணிக்குள் சமையல், பிற்பகலில் சுண்டல், விளக்கேற்றியதும் வெற்றிலை பாக்குக்கு வருகிற பெண்கள். ஒவ்வொருத்தியும் கொலுவைப் பார்த்து ஒரு குறை சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து நவராத்திரியில் இவ்வளவோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது.

கவலையைக் கொண்டுவந்தவள் ஜகதாம்பாள், கோமளத்தின் நாத்தனார். தும்கூரிலிருந்து வருஷா வருஷம் கொலுவுக்கென்று தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்குவாள். பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. அப்பா போன பிறகு தம்பி சுந்தரேசனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தவள் அவள்தான். அந்தப் படிப்பால்தான் அவர் மைசூர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க்காக உட்கார்ந்திருந்தார். ஆபீசில் அவர் இருமினால் ஆறு குமாஸ்தாக்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அக்கா இருமினால் அவர் எழுந்து நிற்பார்.

முதல் நாள் கொலுப்படி கட்டி, பெட்டியிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே ஜகதாம்பாள் விஷயத்தைச் சொன்னாள்.

"ரமாவுக்கு ஒரு இடம் பார்த்திருக்கேன். பையன் ஈரோட்டிலே ரயில்வே உத்தியோகம். அவன் அப்பா சேஷகிரி ஐயர் எங்காத்து வகையிலே தூரத்து உறவு. ஷிமோகாவிலே கட்டிக்கொடுத்த தன் பொண்ணைப் பார்த்துட்டு, சரஸ்வதி பூஜை அன்னிக்கு இந்த வழியாத்தான் திரும்பறார். மத்தியானம் இங்கே வந்து ஜாதகத்தைக் கையோட வாங்கிண்டு சாயங்கால மெயிலுக்குப் போயிடுவார். சேலத்திலே இன்னொரு ஜாதகமும் காத்திண்டிருக்கு. நாம முந்திக்கணும். தையிலே முகூர்த்தம்."

கோமளத்தின் கையில் செட்டியார் பொம்மை இருந்தது. அதை எந்தப் படியில் வைப்பது என்று அவளுக்கு மறந்துவிட்டது.

"தையிலேயா, அக்கா? ரமாவுக்குப் பங்குனியிலே எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையாச்சே."

"பரீட்சை எழுதி ராஜாங்கம் ஆளப்போறாளா? பொம்மையை நேரா வை. சாயறது பார்."

கோமளம் பொம்மையை நேராக வைத்தாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாத்தனாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியில் சொன்னால் ஊரே சிரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த இன்னொரு காரணம் இதுதான். ரமா எந்தப் பாடத்தையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். முதல் வகுப்பிலிருந்தே அப்படி. அவள் உட்கார்ந்து படிக்கிற இடம் சமையலறைக்கு அடுத்த ரேழி. கோமளம் நான்காவது வகுப்போடு நிறுத்தப்பட்டு, பதினொரு வயதில் கல்யாணமாகி, பதிமூன்றில் பெங்களூர் வந்தவள். கன்னடம் பேசப் பால்காரியிடம் கற்றாள். கன்னட எழுத்தை ரமாவின் முதல் பாடப் புத்தகத்தில் கற்றாள். பிறகு பெண் வகுப்பு ஏற ஏற, அடுப்படியில் இருந்தபடியே இவளும் ஏறிவந்தாள். மாவு ஆட்டுகிறபோது பூகோளம், அப்பளம் இடுகிறபோது சரித்திரம். அமேசான் எந்தக் கடலில் விழுகிறது என்று எட்டாவது கிராஸில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? கோமளத்துக்குத் தெரியும். பத்து வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பதிவில் ஒரு பெயர்தான் இருந்தது. கரைக்கு இன்னும் ஐந்து மாதம். அதற்குள் தை வந்து குறுக்கே நின்றது.

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு இதே நினைப்புதான். கடலைப் பருப்புச் சுண்டல் ஒரு நாள், மொச்சைக்கொட்டை ஒரு நாள், புதிதாக வந்திருந்த பச்சை வேர்க்கடலை ஒரு நாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி ஷாரதம்மா வந்து, "ஏனு கோமளா, முகம் வாடியிருக்கே?" என்று இரண்டு பாஷையையும் கலந்து கேட்டாள். "தூக்கமில்லை" என்று சொல்லி மழுப்பினாள்.

சப்தமியன்று அக்கா கோயிலுக்குப் போயிருந்த வேளையில் கணவரிடம் பேச்செடுத்தாள். தசரா விடுமுறை ஆனதால் சுந்தரேசன் கூடத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டில் தேங்காய் துருவுவது ஜகதாம்பாளுக்குப் பிடிக்காது. அதனால் அவள் இல்லாதபோதுதான் துருவுவார்.

"ஏன்னா, ரமா பரீட்சை எழுதிட்டுக் கல்யாணம் பண்ணிக்கட்டுமே. நீங்க அக்காகிட்டே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பார்க்கலாம்" என்றார் சுந்தரேசன்.

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம். அக்கா வந்து வாசல்லே நிக்கறச்சே நான் என்னத்தைச் சொல்றது? அவ கையாலே சாப்பிட்டு வளர்ந்திருக்கேன்."

கோமளத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த 'பார்க்கலாம்' அவளுக்குப் பழக்கம். ஆபீசில் ஒரு காகிதத்தைத் தீர்க்க மனமில்லாவிட்டால் அதன்மேல் அவர் எழுதுகிற வார்த்தையும் அதுதானாம். அவரே ஒரு நாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். துருவிய தேங்காயை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அஷ்டமி மாலை ஜகதாம்பாள் ஜாதகத்தை எடுக்கச் சொன்னாள். ரமா பிறந்தபோது கும்பகோணத்து ஜோசியர் ஒருவர் எழுதியது. நீளக் காகிதம். பதினாறு வருஷமாகச் சுருட்டியே வைத்திருந்ததால், விரித்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சுருண்டுகொண்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பிறகும் அப்படியேதான்.

"இப்படிச் சுருண்டு போனதை நீட்டினா நன்னாவா இருக்கும்? ஏதாவது கனமான புஸ்தகத்துக்குள்ளே வச்சு நிமித்தி வை" என்றாள் ஜகதாம்பாள்.

வீட்டிலேயே பெரிய புத்தகம் ரமாவின் அட்லாஸ். கோமளம் அதைத் திறந்தாள். தென் அமெரிக்காவைப் பற்றித்தான் அந்த வாரம் ரமா படித்துக்கொண்டிருந்தாள். அட்லாஸும் தானாக அங்கேயே திறந்துகொண்டது. ஜாதகத்தை மடித்து நடுவில் வைத்து மூடி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் செருப்பு விடுகிற சத்தம். சந்தனக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு ஓடியவள்தான். ஜாதகத்தை அதோடு மறந்தாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. ரமா தன் புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து கொலுவுக்குப் பக்கத்தில் பலகைமேல் அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் அட்லாஸ், அதன்மேல் கணக்கு, சரித்திரம், இங்கிலீஷ். சுந்தரேசனின் சர்வீஸ் ரூல்ஸ், ஜகதாம்பாளின் சுலோகப் புத்தகம், ரமாவின் தங்கை ஏழு வயது வைதேகியின் சிலேட்டு எல்லாம் அதற்கு மேலே. வெள்ளைத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டு, செவந்தி மாலை சாத்தினார்கள். சுந்தரேசன் மணியடித்துப் பூஜையை முடித்தார்.

அந்த வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் விளையாட்டுக் காரியமில்லை. பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை புனர்பூஜை செய்து எடுக்கும்வரை ஒருவரும் ஓரெழுத்துப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. சுந்தரேசன் சுவரிலிருந்த காலண்டரைக்கூடத் திருப்பி மாட்டிவிடுவார். தபால்காரர் கடிதம் கொடுத்தால், யாரிடமிருந்து என்று பார்க்காமல் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு வாங்கி, அரிசி டப்பாமேல் குப்புறப் போடுவார். அன்றைக்கு வைதேகி, வேர்க்கடலை கட்டி வந்த பொட்டலக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் ஜகதாம்பாள் பாய்ந்துபோய்ப் பிடுங்கினாள்.

"இன்னிக்கு ஓரெழுத்து படிச்சாலும் படிச்ச படிப்பெல்லாம் போயிடும்! காயிதத்தைக் கையாலே தொடாதே!"

பதினொரு மணிக்கு வடை தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கோமளத்துக்கு ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டி தனியாகத் தரையில் கிடந்தது. அட்லாஸ் எங்கே என்று ஒரு கணம் யோசித்தாள். தட்டிய வடை எண்ணெயில் கோணலாக விழுந்தது. அடுத்த நிமிஷம், நினைத்தால் வெட்கமாகத்தான் இருந்தது, சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த வடையைத் தட்டினாள்.

மூன்று மணிக்குத் தூறலில் ஜட்கா வந்து நின்றது. சேஷகிரி ஐயர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார். அறுபது வயசிருக்கும். நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம். வந்ததும் கொலுவின் முன்னால் நமஸ்காரம் பண்ணினார். வடையை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரமா வந்து நமஸ்கரித்தாள். இரண்டு கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவரை வெறுக்கவும் முடியவில்லையே என்று கோமளத்துக்கு வருத்தமாக இருந்தது.

"மெயிலுக்கு நேரமாயிடும். ஜாதகத்தை எடுத்துண்டு வா, கோமளம்" என்றாள் ஜகதாம்பாள்.

கோமளம் கதவோரத்தில் நின்றபடி, "அட்லாஸுக்குள்ளே இருக்கு" என்றாள்.

"அட்லாஸ் எங்கே?"

கோமளம் பலகைமேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள். "எல்லாத்துக்கும் அடியிலே. நேத்து நிமித்தறதுக்கு வச்சேன். காலம்பற ரமா எடுத்துண்டு வந்து அடுக்கிட்டா. எனக்கு மறந்தே போச்சு."

சுந்தரேசன் இருமினார். ஜகதாம்பாள் அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடுத்தா என்ன? படிக்கவா போறோம், எழுதவா போறோம்? ஒரு காயிதத்தை உருவறதுதானே."

"என் பொட்டலமும் காயிதம்தானே, அத்தை" என்றாள் வைதேகி.

ஜகதாம்பாள் அவளை முறைத்தாள். சேஷகிரி ஐயர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"கூடாது, கூடாது. பூஜையிலே வச்சதைத் தொடறதாவது! நான் அந்தப் பாவத்தைக் கட்டிக்க மாட்டேன்."

"கிரக நிலையெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல மாமா எழுதிண்டா..." என்று ஆரம்பித்த சுந்தரேசன், எழுதுவதும் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். சேஷகிரி ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோமளத்துக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. அவர் போய்விடுவார், வழியில் சேலத்து ஜாதகத்தை வாங்கிக்கொள்வார், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். காபி டம்ளரை எடுக்கக் குனிந்தவள் அவர் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"நாளைக்கு விஜயதசமி. ஜாதகம் வாங்க இதைவிட நல்ல நாள் ஏது? மெயில் நாளைக்கும் இருக்கு. ஆட்சேபணை இல்லேன்னா இங்கேயே தங்கிக்கறேன். இப்படி ஆசாரமான குடும்பத்திலேதான் பொண்ணு எடுக்கணும்னு நினைச்சிண்டிருந்தேன்."

ஜகதாம்பாளின் முகம் மலர்ந்தது. கோமளத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அட்லாஸுக்குள் வைக்காமல் இருந்திருந்தால் சேஷகிரி ஐயர் ஜாதகத்தோடு சும்மா போயிருப்பார். இப்போது மெச்சிக்கொண்டு போகப் போகிறார்.

சாயங்காலம் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கும்போது ரமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டம்ளர்களை அலம்பினாள்.

"அம்மா, நீ வேணும்னுதானே அதுக்குள்ளே வச்சே?"

"இல்லைடி. மறந்துதான் போச்சு."

ரமா தலையைக் குனிந்துகொண்டாள். "வேணும்னு வச்சிருந்தா நன்னா இருந்திருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த ஒரு வார்த்தை கோமளத்தைக் குத்தியது. தன் பெண்ணுக்காக யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது மறதிதான் என்று ஆகிவிட்டதே. மீதிப் பாத்திரத்தை அவளே தேய்த்து முடித்தாள்.

விஜயதசமி காலையில் எல்லாரும் குளித்துவிட்டுக் கொலுவின் முன் கூடினார்கள். புனர்பூஜை முடிந்தது. சுந்தரேசன் வடக்குப் பார்த்துப் பலகையை நகர்த்தி, துணியை எடுத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அன்றைக்கு எல்லாரும் அவரவர் புத்தகத்தில் நான்கு வரியாவது படித்தாக வேண்டும். வைதேகி சிலேட்டில் ஒரு எழுத்து எழுதிக் காட்டினாள். ஜகதாம்பாள் ஒரு சுலோகம் படித்தாள். சுந்தரேசன் சர்வீஸ் ரூல்ஸிலிருந்து, லீவு எப்போது கொடுக்கலாம், எப்போது மறுக்கலாம் என்கிற விதியை மந்திரம் போலப் படித்தார். ரமா இங்கிலீஷ் பாடத்தில் பத்து வரி படித்தாள்.

"நீங்க படிக்கலையா, அம்மா?" என்று சேஷகிரி ஐயர் கோமளத்தைக் கேட்டார். விருந்தாளிக்கு உரிய மரியாதைக் கேள்விதான்.

"எனக்குப் புஸ்தகம் இல்லை, மாமா."

வாஸ்தவம். இத்தனை வருஷ சரஸ்வதி பூஜையில் அந்த அடுக்கில் அவளுடையது என்று ஒரு புத்தகம் இருந்ததில்லை. யாரும் அதைக் கவனித்ததும் இல்லை, அவளும் கவனித்ததில்லை. ரமா குனிந்து, கடைசியாகப் பலகையில் மிஞ்சிக் கிடந்த அட்லாஸை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"ஆமாம், அதிலேதானே ஜாதகம். எடுத்துக் கொடு" என்றாள் ஜகதாம்பாள்.

கோமளம் வாங்கித் திறந்தாள். தென் அமெரிக்காவின்மேல் ஜாதகம் இருந்தது, ஒரு சுருக்கமில்லாமல். அதை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கையால் அட்லாஸை மூடினாள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தென் அமெரிக்காவிலே பெரிய நதி அமேசான். ஆண்டீஸ் மலையிலே உற்பத்தியாகி அட்லாண்டிக் சமுத்திரத்திலே கலக்கறது. பிரேசிலுக்குத் தலைநகரம் ரியோ டி ஜெனிரோ. பெருவுக்கு லிமா. சிலிக்குச் சாந்தியாகோ. பிரேசில்லே காபி விளையறது. சிலியிலே தாமிரம்."

சுந்தரேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு இதெல்லாம் எப்படிடீ தெரியும்?" என்றாள் ஜகதாம்பாள்.

"ரமா வாய்விட்டுப் படிப்பா, அக்கா. நான் மாவு ஆட்டிண்டே கேட்டுப்பேன். பத்து வருஷமாக் கேட்டிண்டிருக்கேன்." சேஷகிரி ஐயரின் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அவருடைய அங்கவஸ்திரக் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா, பங்குனியிலே அவளுக்குப் பரீட்சை. அதை அவ எழுதணும். அதுக்கப்புறம் எந்த முகூர்த்தம் சொன்னாலும் சரி. அப்படின்னா இந்தாங்கோ ஜாதகம். தையிலேதான்னா தர எனக்கு மனசில்லை."

ஜகதாம்பாள் எழுந்துவிட்டாள். "உன் மனசை யார் கேட்டா? சுந்தரம், பார்த்துண்டு சும்மா இருக்கியா?"

எல்லாரும் சுந்தரேசனைப் பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்தார். 'பார்க்கலாம்' என்று சொல்லப் போகிறார் என்று கோமளம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பரீட்சைக்குப் பேர் கொடுத்தாச்சு, அக்கா" என்றார். "விடுமுறை விடறதுக்கு முந்தின நாளே நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சுட்டேன். எழுதாம இருந்தா நன்னா இருக்காது."

இது கோமளத்துக்கும் புதுச் செய்தி. இந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டு நாளாக வாயைத் திறக்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்திருக்கிறார்! அவளுக்குத் திட்டலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது.

சேஷகிரி ஐயர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, அம்மா. தையிலே மாட்டுப்பொண் வந்தாகணும்னு பிடிவாதமா இருக்கா. அதுக்கப்புறம்னா ஒத்துக்க மாட்டா. அது தெரிஞ்சும் நான் ஜாதகத்தை வாங்கிண்டு போறது நியாயமில்லை." அவர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "சேலத்தையே பார்த்துக்கறேன். மனசிலே ஒண்ணும் வச்சுக்காதீங்கோ." வாசலுக்குப் போகுமுன் ரமாவைப் பார்த்து, "நன்னா எழுது" என்றார்.

நல்ல மனுஷர்தான். ஜட்கா முக்குத் திரும்பும்வரை கோமளம் வாசலிலேயே நின்றாள். நல்ல இடத்தைக் கைவிட்டுவிட்டோமோ என்கிற பயமும் அவளுக்கு இருந்தது. அது இல்லை என்று சொன்னால் பொய்.

ஜகதாம்பாள் அன்று முழுக்க ஒருவரிடமும் பேசவில்லை. சாப்பாட்டில் மட்டும் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை தும்கூருக்கு மூட்டை கட்டியாயிற்று. வண்டி ஏறும்போது கோமளத்தை விரல் நீட்டிக் கூப்பிட்டாள்.

"இதோட விட்டுடுவேன்னு நினைக்காதே. தும்கூர்லேயே எனக்குத் தெரிஞ்ச இடம் ரெண்டு இருக்கு. ஐப்பசியிலே ஆள் அனுப்பறேன். ஜாதகத்தை அவன் கையிலே கொடுத்தனுப்பு. அதுவரைக்கும் பத்திரமா வை. மறுபடியும் புஸ்தகத்துக்குள்ளே வச்சுட்டு மறந்துபோச்சுங்காதே."

"சரி, அக்கா" என்றாள் கோமளம்.

மத்தியானம் கொலுவைப் பிரித்தாள். பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெரிய தகரப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டி பரணுக்குப் போய்விட்டால் அடுத்த புரட்டாசியில்தான் இறங்கும். நடுவில் அதைத் திறக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. கோமளம் அடியில் வைக்கோலைப் பரப்பினாள். உள்ளே போய் ஜாதகத்தை எடுத்துவந்தாள். ஈரம் படாமல் பட்டுத் துண்டில் சுற்றி, வைக்கோலின்மேல் வைத்தாள். அதன்மேல் செட்டியார் பொம்மையை வைத்தாள். அவர்மேல் தசாவதாரம், அதன்மேல் கல்யாண கோஷ்டி, அதன்மேல் பூனையும் கிளியும். இந்தத் தடவை மறந்துபோய் வைக்கவில்லை.

பெட்டியைப் பரணில் ஏற்றச் சுந்தரேசன் வந்தார். மூடப்போனவர் நிமிர்ந்தார்.

"ஜாதகத்தை எங்கே வச்சே?"

"பத்திரமா வச்சிருக்கேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளே போய், அரிசி அறைக் கதவில் போடுகிற பெரிய பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொலுப்பெட்டிக்கு அதுவரை யாரும் பூட்டுப் போட்டதில்லை. பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் தன் பூணூலில் முடிந்துகொண்டார்.

"அக்கா ஆள் அனுப்பினா நான் சொல்லிக்கறேன்" என்றார். பெட்டியைத் தோளில் தூக்கி ஏணியில் ஏறினார்.

ரேழியில் ரமா அட்லாஸைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவை ஆரம்பித்திருந்தாள். நைல் நதிவரை வந்தவள், ஏணிச் சத்தத்தில் குரலைத் தணித்தாள். கோமளம் ஊறிய உளுந்தை வடித்து ஆட்டுக்கல்லில் போட்டாள்; குழவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் உரக்கப் படிடி" என்றாள்.